பேசின் பிரிட்ஜ் நாய்ப்பட்டியும் புக்கெட் போகிற பெண்ணும்: சில குறிப்புகள்

திருவொற்றியூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, சம்பளத்தில் சேர்த்த காசில் முதல் தடவையாக வெளிநாடு போகிறாள். தாய்லாந்து, புக்கெட், நாலு நாள். "அண்ணா, அங்க பெரிய தெருநாய் காப்பகம் இருக்காமே. ஒரு நாளாவது போய் ஏதாவது செய்யணும்னு இருக்கேன். என்ன செஞ்சா நெஜமாவே உதவியா இருக்கும்?" என்று கேட்டாள். ரெண்டு வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு நம்ம வடசென்னையிலேயே ஒரு நீளமான கதை இருக்கிறது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள், வெளியிலிருந்து பணம் அனுப்பியவர்கள், வந்த இடத்திலேயே தங்கிவிட்டவர்கள் என்று எத்தனையோ பேர் இந்திய நாய்களுக்கு உதவப் பார்த்திருக்கிறார்கள். அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்தால் அவள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். அதனால் பேசின் பிரிட்ஜிலிருந்து தொடங்குகிறேன்.

பேசின் பிரிட்ஜில் மாநகராட்சியின் நாய்ப்பட்டி இருக்கிறது. இன்றைக்கு அது கருத்தடை மையம். அதற்கு முன் அது கொல்களம். மதராஸ் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் திட்டத்தை 1860-ல் தொடங்கியது என்று புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா பல இடங்களில் எழுதியிருக்கிறார். 1990-களின் நடுவில் அது ஒரு நாளைக்குச் சுமார் 135 நாய்கள் என்ற அளவுக்கு வந்து நின்றது. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 49,000-க்கு மேல். முறை, மின்சாரம் பாய்ச்சுவது. கொன்று குவித்த நாய்கள் எவ்வளவு இருந்தன என்றால், 1970-களின் தொடக்கத்தில் அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த்தோலில் கழுத்து டையும் பர்ஸும் வடிவமைத்துப் பார்த்தது என்று தியடோர் பாஸ்கரன் எழுதியிருக்கிறார். முதல் தடவை படித்தபோது எனக்கு ஏதோ கட்டுக்கதை மாதிரி இருந்தது. பிறகு யோசித்தால் அதில் ஆச்சரியமே இல்லை. வருஷா வருஷம் அவ்வளவு தோல் சும்மா போகிறது, இந்த ஊரோ தோல் தொழில் ஊர். யாராவது ஒருத்தர் கணக்குப் போட்டிருப்பார்.

எங்கள் பாட்டி காலத்து ஆட்களுக்கு கார்ப்பரேஷன் நாய் வண்டி நல்லா ஞாபகம் இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டால் தெருவே குரல் கொடுக்கும், அவரவர் சோறு போடுகிற நாயை வீட்டுக்குள் இழுத்துக் கட்டுவார்கள். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். தெருநாய் என்று நாம் சொல்வது முழுக்க அநாதை நாய் இல்லை. அதற்குப் பேர் இருக்கும், சாப்பாட்டு நேரம் இருக்கும், படுக்க ஒரு திண்ணை இருக்கும். காசிமேட்டில் ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு கூட்டம், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்கு அடியில் ஒரு கூட்டம். லாரி டிரைவர்கள் சோறு வைப்பார்கள், மீன்காரம்மா குடல் போடுவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு முதலில் தப்புவது இதுதான். 'பாவம், யாருமில்லாத நாய்' என்று தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போய்விடுவார்.

சரி, 136 வருஷம் கொன்றும் நாய் ஏன் குறையவில்லை? குப்பையும் மீன்கழிவும் இருக்கிற வரை அந்த இடம் காலியாக இருக்காது. பத்து நாயைப் பிடித்தால் மிச்சம் இருப்பவைக்குச் சாப்பாடு கூடும், குட்டி அதிகம் பிழைக்கும், பக்கத்துத் தெரு நாய் உள்ளே வரும். பிடிபடுவதும் பெரும்பாலும் மனிதர்களிடம் பழகிய சாதுவான நாய்தான். கடிக்கிற நாய் வண்டியைப் பார்த்ததும் ஓடிவிடும். தடுப்பூசி போட்ட நாய் இருந்த இடத்தில் போடாத நாய் வந்து உட்காரும். உலக சுகாதார நிறுவனமே 1990-ல் விலங்கு நல அமைப்போடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், கொல்வதால் மட்டும் எண்ணிக்கையோ ரேபிஸோ கட்டுப்படாது என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

இதைச் சென்னையில் முன்பே சொன்னவர்கள் உண்டு. கேப்டன் வி. சுந்தரம் விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. மதராஸ் அரசு வாங்கிய டவ் விமானத்தை 1951-ல் இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரத்தில் இந்தியாவுக்கு ஓட்டி வந்த ஜோடி இவர்கள். 1959-ல் தியாகராய நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்ததில் தொடங்கியதுதான் புளூ கிராஸ். அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா பொறியாளர். கொல்வது வேலைக்கு ஆகவில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1964-லிருந்து மாநகராட்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏ.பி.சி. என்று பேர் வைத்ததும் அவர்தான். அரிச்சுவடி மாதிரி சுலபமான வேலை என்று அதிகாரிகளுக்குப் புரியட்டும் என்றுதான் அந்தப் பேராம். அவ்வளவு சுலபமான விஷயம் காதில் ஏற 32 வருஷம் ஆனது. 1996 செப்டம்பரில் மாநகராட்சி ஒத்துக்கொண்டு முதலில் தென்சென்னையின் ஒரு பகுதியில் தொடங்கியது. வழக்கம்போல நல்லது தெற்கே தொடங்கி மெதுவாகத்தான் பாலம் தாண்டி வடக்கே வந்தது. 2001-ல் இதுவே நாடு முழுவதற்குமான சட்ட விதியானது. 2023-ல் புது விதிகள் வந்தன.

புளூ கிராஸ் தரப்பு ஒரு கணக்கு சொல்லும்: சென்னையில் ரேபிஸ் சாவு 1996-ல் 120, 2004-ல் 5. பெரிய சாதனைதான். ஆனால் மொத்தப் புகழையும் கருத்தடைக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதே காலத்தில்தான் மனிதர்களுக்குப் போடுகிற ஊசியும் மாறியது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் அப்பாக்கள் பயந்தார்களே, அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய தடுப்பு மருந்து. வலி ஒரு பக்கம், சிலருக்குப் பக்கவாதம் வந்தது இன்னொரு பக்கம். பாதி ஊசியில் ஓடிப்போனவர்கள் ஏராளம். 2004 கடைசியோடு இந்தியாவில் அதை நிறுத்தினார்கள். கையில் போடுகிற நவீன ஊசி வந்தபிறகு ஜனங்கள் பயமில்லாமல் ஸ்டான்லிக்குப் போக ஆரம்பித்தார்கள். நாய்க்கு ஊசி, மனிதனுக்கு ஊசி, கருத்தடை மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் ரேபிஸ் முற்றிய நோயாளியை ஒரு தடவை பார்த்தவர்கள் இந்தப் பேச்சை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

அந்த ஊசிக் கதையிலேயே ஒரு வெளிநாட்டுப் பணம் ஒளிந்திருக்கிறது. 1902-ல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற பெண் ரேபிஸில் இறந்துபோனார். தெற்கே ஒரு சிகிச்சை நிலையம் வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு வலுத்தது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஹென்றி ஃபிப்ஸ், ஆண்ட்ரூ கார்னெகியின் கூட்டாளி, கர்சன் பிரபுவிடம் ஒரு தொகை கொடுத்து, இந்திய மக்களுக்கு உபயோகமாக ஏதாவது செய்யச் சொன்னார். அதில் பெரும்பகுதி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது, ஒரு பகுதி குன்னூருக்கு வந்தது. 1907 ஏப்ரலில் குன்னூர் பாஸ்டர் நிலையம் வேலையைத் தொடங்கியது. ஃபிப்ஸ் ஒரு நாயைத் தொட்டுப் பார்த்தாரா என்பது முக்கியமில்லை. ஆயிரக்கணக்கான தென்னிந்தியர்கள் அந்தப் பணத்தால் பிழைத்திருக்கிறார்கள்.

நாயைத் தொட்டே வேலை செய்தவர்களும் வந்தார்கள். கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1959-ல் தில்லியில் ஒரு காப்பகம் தொடங்கினார், 1980-ல் ஜெய்ப்பூரில் 'ஹெல்ப் இன் சஃபரிங்', 1991-ல் பெங்களூரில் இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து வந்த ஜிம் மையர்ஸ், எரிகா ஆப்ராம்ஸ் தம்பதி 2002-ல் உதய்பூரில் அனிமல் எய்ட் தொடங்கினார்கள். நம்ம திருவண்ணாமலையிலும் 2007-ல் லெஸ்லி ராபின்சன் என்ற அமெரிக்கர் ஒரு காப்பகம் ஆரம்பித்தார். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பலர் அங்கே போய் நாய் குளிப்பாட்டுவது, கட்டு மாற்றுவது என்று கை கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் யாரையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் பிடித்தது ஜெய்ப்பூர். காரணம், அவர்கள் எண்ணி வைத்தார்கள். 1994 நவம்பரிலிருந்து 2002 வரை 24,986 நாய்கள் அந்தத் திட்டத்தின் வழியாகப் போயின. அங்கே வேலை பார்த்த பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் ஜாக் ரீஸும் சாவ்லா என்பவரும் 2006-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, திட்டம் நடந்த பகுதியில் நாய் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது, ரேபிஸ் அங்கே மறைந்தது. கேட்பவர் மனதைத் தொடுகிற கதை எதுவும் அதில் இல்லை, வெறும் அட்டவணைதான். ஆனால் வெளியிலிருந்து வந்த காசுக்கும் கைக்கும் பலன் என்ன என்று அந்த அட்டவணை சொல்லிவிடுகிறது.

சுற்றுலாப் பயணியின் நாட்களையே ஒழுங்காக வேலைக்கு மாற்றிய ஒரு ஏற்பாடும் உண்டு. லூக் கேம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கிய வேர்ல்ட்வைட் வெட்டர்னரி சர்வீஸ் ஊட்டியில் பயிற்சி மையம் வைத்திருக்கிறது. அவரே 2013 செப்டம்பரில் மிஷன் ரேபிஸ் தொடங்கினார். முதல் சுற்றில் இந்தியாவின் பல ஊர்களில் ஒரே மாதத்தில் 50,000 நாய்களுக்கு ஊசி என்பது இலக்கு. இதில் சேருகிறவர்கள் தங்கள் விடுமுறையில், தங்கள் செலவில் வருவார்கள். எல்லோரும் மருத்துவர்கள் இல்லை. ஒருத்தர் வலை வீசிப் பிடிப்பார், ஒருத்தர் ஊசி போடுவார், ஒருத்தர் நாய் மேல் வண்ணப் புள்ளி வைப்பார், ஒருத்தர் போனில் பதிவு செய்வார், சிலர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாய்க்கடி பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். அப்புறம் கோவாவில் இதை வருஷா வருஷம் தொடர்ந்து செய்தார்கள். அங்கே 2018 முதல் சில ஆண்டுகள் மனித ரேபிஸ் சாவு ஒன்றும் இல்லை. 2021-ல் கோவா ரேபிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்த மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த 70-ஐ எட்ட ஆள் வேண்டும். விடுமுறைக்காரர் அந்த இடத்தில்தான் பொருந்துகிறார்.

இனி நாயைத் தூக்கிக்கொண்டு போகிற விஷயம். நம் ஊருக்குக் கல்யாணத்துக்கு வருகிற டொராண்டோ, லண்டன், ஜெர்மனி சொந்தங்களில் யாராவது ஒருவருக்கு ஒரு குட்டி மேல் ஆசை வந்துவிடும். ஆசை நல்லதுதான், வழிதான் கரடுமுரடு. ஐரோப்பாவுக்கு என்றால் சிப், தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு 3 மாதக் காத்திருப்பு. புறப்படும் முன் பள்ளிக்கரணையில் இருக்கிற மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்றிதழும் வேண்டும். ஆக, இரண்டு வார லீவில் முடியாது. அமெரிக்கா 2024 ஆகஸ்டிலிருந்து 6 மாத வயதுக்குக் குறைந்த நாயை உள்ளே விடுவதில்லை. கனடா 2022 செப்டம்பரோடு, ரேபிஸ் அதிகம் உள்ள நாடுகளிலிருந்து தத்துக்காகவும் விற்பனைக்காகவும் வருகிற நாய்களை நிறுத்திவிட்டது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கோபப்படுகிறவர்கள் பிரிட்டன் கதையைப் பார்க்க வேண்டும். வாய்மூடி சட்டம், தனிமைப்படுத்தல் எல்லாம் கொண்டுவந்து 1902-ல் ரேபிஸை ஒழித்தார்கள். 1918-ல் முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவர் ஒளித்துக் கொண்டுவந்த நாயோடு அது திரும்பி வந்தது. மறுபடி ஒழிக்க 1922 ஆனது.

எதிர்த் திசையிலும் கதவு மூடித்தான் இருக்கிறது. புக்கெட்டில் ஒரு நாயைப் பார்த்து மனசு இளகினால் சென்னைக்குக் கொண்டுவர முடியாது. வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வீடு மாற்றிக்கொண்டு திரும்புகிறவர்தான் வளர்ப்பு நாயைக் கொண்டுவரலாம். நாலு நாள் போய்வருகிறவருக்கு அந்த வழி கிடையாது.

ஆகவே எங்கள் தெருப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். அவள் சொல்கிற காப்பகம் சோய் டாக். 2003-ல் ஜான், ஜில் டேலி என்ற பிரிட்டிஷ் தம்பதியும் மார்கோ ஹோம்பர்க் என்ற டச்சுப் பெண்மணியும் சேர்ந்து தொடங்கியது. ஜில் டேலி, தண்ணீர் தேங்கிய வயலில் இறங்கி ஒரு நாயைக் காப்பாற்றப் போய், தொற்று ஏறி இரண்டு கால்களையும் இழந்தவர். அப்புறமும் 2017-ல் இறக்கும் வரை வேலையை விடவில்லை. அப்படிப்பட்டவர்கள் நடத்துகிற இடத்துக்குப் போனால் முதலில், 'உங்களுக்கு என்ன குறைச்சலா இருக்கு' என்று கேட்டுவிட்டுச் செய். சில நாள் நாயை நடத்திக்கொண்டு போக ஆள் வேண்டியிருக்கும், சில நாள் துணி துவைக்க ஆள் வேண்டியிருக்கும். போட்டோ எடுக்கிற வேலை கடைசியில். காசு கொடுக்கிறதாக இருந்தால் கருத்தடைக்கும் ஊசிக்கும் என்று சொல்லிக் கொடு. ஒரு காப்பகம் நல்லதா என்று தெரிய, 'போன மாசம் எத்தனை ஆபரேஷன், நாயை எங்கே திரும்ப விட்டீங்க' என்று கேட்டால் போதும். பதில் சட்டென்று வந்தால் நல்ல இடம். எப்போது பார்த்தாலும் குட்டிகளை மட்டும் மடியில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்கிற இடம் என்றால் கொஞ்சம் யோசி.

தெருவில் நன்றாக இருக்கிற குட்டியைத் தூக்கிக் காப்பகத்தில் விடாதே. இதை நம்மவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நாய்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் பார்வோவும் டிஸ்டெம்பரும் சுலபமாகப் பரவும். தாயோடு தெருவில் பிழைத்திருக்கும் குட்டி காப்பகத்தில் ஒரு வாரத்தில் போய்விடலாம். காது நுனியில் வெட்டு இருக்கிற நாய் என்றால் கருத்தடை ஆனது, அதை அதன் இடத்திலேயே விட்டுவிடு. ஹோட்டல் வாசலில் நாலு நாள் பிரியாணி போட்டுப் பழக்கிவிட்டு ஐந்தாம் நாள் விமானம் ஏறினால், அடுத்த விருந்தாளி பின்னால் அது ஓடும், அவர் மிரளுவார், புகார் போகும், நாய் போகும். காப்பகத்தில் வேலை செய்யப்போகிறாய் என்றால் போகும் முன்பே முன்தடுப்பு ஊசி 2 தவணை, ஒரு வார இடைவெளியில். அப்படியும் கடி பட்டால் 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனை. மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் வேண்டாம்.

"அப்போ இங்கயே செய்யலாமே" என்று அவள் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். 2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் ஒரே நாய் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. ஜனங்கள் அடித்துக் கொன்றார்கள். பரிசோதித்ததில் ரேபிஸ் உறுதியானது. சாலையில் நடந்து போனவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என்று எல்லோரும் ஸ்டான்லியில் வரிசையில் நின்றார்கள். அந்த நேரத்தில் 'நாயும் ஒரு ஜீவன்' என்று யாராவது அங்கே போய்ப் பேசியிருந்தால் அவருக்கும் அடி விழுந்திருக்கும், அதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாய்க்கு ஒரு ஊசி போட்டிருந்தால் இவ்வளவும் இல்லை.

2018-ல் சென்னையில் சுமார் 57,000 தெருநாய்கள் என்று கணக்கு. 2024-ல் மாநகராட்சிக்காக மேலே சொன்ன ஊட்டி அமைப்பு எடுத்த கணக்கில் சுமார் 1.8 லட்சம். இரண்டும் ஒரே முறையில் எண்ணியதா என்ற கேள்வி இருந்தாலும், கருத்தடை ஆனவை நாலில் ஒன்றுக்குச் சற்றுக் கூடத்தான் என்பது கவலை தரும் செய்தி. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் தில்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது, பத்தே நாளில் அதை மாற்றி, ஊசியும் கருத்தடையும் செய்து திரும்ப விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களில் பிடித்ததைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. அந்த நாய்களை வைக்க இடம் எங்கே, தினமும் சோறு யார் போடுவது என்பதை எந்த ஊர் மாநகராட்சியும் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2022-லிருந்து நம்ம துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் வந்து போகிறது. 2023 ஜூனில் இங்கிருந்து இலங்கைக்கே ஒரு கப்பல் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்வந்தது. 2006-லிருந்து நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையோடு இருக்கிற நாடு அது, அங்கேயும் ஊசி போடுகிற குழுக்கள் இருக்கின்றன. அந்தக் கப்பல் ஏறுகிற முனையத்திலிருந்து பேசின் பிரிட்ஜ் நாய்ப்பட்டி ஆட்டோவில் போகிற தூரம்தான். புக்கெட்டிலிருந்து வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் விசாரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். முன்தடுப்பு ஊசியின் முதல் தவணை போட்டாகிவிட்டது.